இதயத்துக்கு அடுத்த மொட்டு

“1974 ஜூலை. பட்டினத்து முட்டை: பெரும்பாலானவற்றில் துடிப்பு உண்டு. கடை முட்டை: ஒன்றிலும் இல்லை. மின்சாரம் போனது, அரிக்கேன் வைத்தோம்.”

எங்கள் விலங்கியல் துறையின் இன்குபேட்டர் கதவில் தொங்கிய அட்டையில் நான் எழுதியது இது. மாதம் இருக்கிறது, நாள் இல்லை. அந்த வயதில் மாதம் போட்டாலே அதிகம் என்று நினைத்திருக்கிறேன். பிற்பாடு அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டேன். இப்போது ஊறுகாய் ஜாடிக்குக்கூட நாள் எழுதி ஒட்டுகிறேன் என்பது என் மனைவியின் புகார்.

அட்டையைத் தேடி எடுக்கக் காரணம் உண்டு. காரைக்காலில் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து சென்ற மாதம் இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். கோழிக்கருச் செய்முறை வகுப்பு இப்போது இல்லையாம். யாரும் முட்டையைத் திறப்பதில்லை. திரையில் படம் ஓடுகிறது; அதைப் பார்த்து மாணவர்கள் வரைகிறார்கள். “நெஜமாவே துடிக்கிறதை நேர்ல பாத்திருக்கீங்களா சார்?” என்று இளையவர் கேட்டார். யானையைப் பார்த்தவனைக் கேட்பதுபோல இருந்தது. துறை மலருக்கு அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள்.

எழுத உட்கார்ந்தால் கருவோடு ஒரு குடும்பமும் சேர்ந்து வருகிறது. அந்தக் குடும்பத்தின் மருமகளிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். “எழுதுங்க மூர்த்தி சார். பேரை மட்டும் மாத்திடுங்க. எங்க அத்தையைக் கெட்டவங்களா எழுதிடாதீங்க” என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது நிபந்தனைக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குரும்பகரத்தில் நெல் விவசாயக் குடும்பம். பட்டமேற்படிப்பு முடித்து, 1971இல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். பேராசிரியர் பாடம் நடத்துவார். செய்முறை வகுப்பைத் தயார் செய்வது என் வேலை. தவளை பிடிப்பதிலிருந்து கண்ணாடி கழுவுவதுவரை அதில் அடக்கம்.

துறைத் தலைவர் சவரிநாதன் சார். மாதா கோயில் தெருக்காரர். பள்ளிப் படிப்பு பிரெஞ்சில் படித்தவர். திருப்தியாக இருந்தால் “போன்” என்பார். அதற்கு நல்லது என்று பொருள் என மாணவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அதிருப்தியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், கைக்குட்டையால் லென்ஸைத் துடைப்பார். லென்ஸ் பெரும்பாலும் சுத்தமாகவே இருந்தது. மாணவனிடம் “இது என்ன?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “என்ன தெரியுது?” என்றுதான் கேட்பார். “இதயம் சார்” என்று எவனாவது சொன்னால், “அது புத்தகத்துல இருக்கு. உங்களுக்கு என்ன தெரியுது?” என்பார். “ஒரு சிவப்புக் குழாய் வளைஞ்சு துடிக்குது சார்” என்று வந்த பிறகுதான் “போன்.”

முதல் முட்டையை உடைக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அது ஏதோ பிரார்த்தனை என்று மாணவர்கள் வெகுநாள் நம்பினார்கள். வார் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும், அவ்வளவுதான்.

முட்டைக்கு வருகிறேன். கோழிக்கரு வகுப்பு எங்கள் கல்லூரியில் 1973இல் தொடங்கியது என்று என் நினைவு. 1974 என்று சொல்வோரும் உண்டு. முதலில் கடைத்தெருவில் வெள்ளை முட்டை வாங்கினோம். அவை வந்த பண்ணையில் சேவல் இல்லை, ஆகவே முட்டையில் கருவும் இல்லை. இன்குபேட்டரில் வைத்தால் கெட்டுப்போவது மட்டுமே நடந்தது. நாட்டுக்கோழி முட்டை தேடித் திருமலைராயன்பட்டினம் போனேன். அங்கே கோழி வளர்த்த சபுராம்மாவிடம், “சேவல் இருக்கா?” என்று கேட்டேன்.

“வந்தவுக எல்லாம் கோழியைக் கேப்பாக. நீங்க சேவலை விசாரிக்கிறீகளே வாத்தியாரே” என்றார் அவர். “அடைக்கு வைக்கவா?”

“இல்லம்மா. ரெண்டு மூணு நாள் சூட்டுல வச்சு, ஒடச்சுப் பாக்குறதுக்கு.”

“அவிச்சுத் திங்கவும் இல்ல, பொரிக்க வைக்கவும் இல்ல. நல்ல படிப்புத்தான் போங்க.” ஆனாலும் ஒவ்வொரு முட்டையையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.

அதன் பிறகும் ஒரு சிக்கல். குளிர்நாட்டுப் புத்தகத்தில், இத்தனை மணி நேரத்தில் இதயம் துடிக்கும் என்று போட்டிருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில், கூடையில் கிடக்கும்போதே முட்டை வளரத் தொடங்கிவிடும். புத்தகக் கணக்கோடு ஒன்றுகூட ஒத்துவராது. சார்தான் வழி கண்டுபிடித்தார்: ஈர மணல் நிரப்பிய மண்பானை. இட்ட முட்டையை அன்றே வாங்கி அதில் புதைத்து வைத்து, பிறகு இன்குபேட்டருக்கு மாற்றினோம். அதற்கப்புறம் புத்தகமும் காரைக்காலும் ஓரளவுக்கு ஒத்துப்போயின.

திறக்கும் முறை இது. கிண்ணத்தில் உடல் சூட்டுக்கு உப்புநீர். முட்டையை அதற்குள்ளேயே அமிழ்த்தி உடைக்க வேண்டும். மஞ்சள் கரு மிதந்து வரும். எப்படி உடைத்தாலும் உயிருள்ள பக்கம் மேலே திரும்பிக்கொள்ளும். வடிகட்டும் தாளை வளையமாக வெட்டி அதன்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வளையத்தைச் சுற்றிக் கத்தரித்து, தாளோடு தூக்கி, வெதுவெதுப்பான உப்புநீர் விட்ட கண்ணாடித் தட்டில் வைத்து லென்ஸுக்குக் கீழே தள்ள வேண்டும். கை நடுங்கினால் போயிற்று. நடுங்காவிட்டால், சிவப்பு நூல் வலைக்கு நடுவே ஒரு புள்ளி துடிப்பது தெரியும்.

இதயம் முதலில் இதயம்போல் இருப்பதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பட்டைகள் நடுவுக்கு வந்து சேர்ந்து நேரான குழாய் ஆகிறது. குழாய் துடிக்கத் தொடங்குகிறது. பிறகு வலப்பக்கம் வளைகிறது. அறைகள், அவற்றுக்கிடையே சுவர்கள் எல்லாம் அதன் பின். உடலுக்குள் ஓட ரத்தமே ஒழுங்காக இல்லாதபோது துடிப்பு மட்டும் முந்திக்கொள்கிறது. எத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு அது சாதாரண விஷயமாக ஆகவில்லை.

ஜெயந்தி 1977இல் இரண்டாவது டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தார். கருவைப் பார்த்து அவரைப்போல வரைந்தவரை நான் கண்டதில்லை. பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தட்டில் இருப்பதே தாளில் இருக்கும். “போன்” என்பது அவருக்கு மட்டும் சில நாள் இரண்டு முறை கிடைத்தது. அவரிடம் இன்னொரு பழக்கம்: வகுப்பு முடிந்த பிறகும் தட்டில் வெதுவெதுப்பான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார். நீர் ஆறினால் துடிப்பு நின்றுவிடும். “எல்லாரும் போனப்புறம் நிக்கட்டும் சார்” என்பார்.

அடுத்த ஆண்டு திருநள்ளாற்றில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கணேசன் வீட்டார் கோயில் யாத்ரீகர்களுக்கு லாட்ஜ் நடத்தினார்கள். மாமனார் இல்லை. லாட்ஜும் வீடும் மாமியார் வேதவல்லி அம்மாளின் கையில். கர்ப்பமாக இருந்தபோதும் ஜெயந்தி வேலைக்கு வந்தார், முட்டை திறந்தார், வரைந்தார். 1980 கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. பிரபு என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப்போனது. மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை, கொஞ்சம் வளர்ந்த பிறகு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார்கள் மருத்துவர்கள். திரும்பி வந்த வாரமே வேதவல்லி அம்மாள் காரணத்தைச் சொல்லிவிட்டார்: துடிக்கிற நெஞ்சைத் தட்டில் வைத்துப் பார்த்தவள் வயிற்றுப் பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? அந்த வேலையை விட்டால்தான் குழந்தை தங்கும். கணேசன் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை.

ஜெயந்தி விடுப்பு எழுதி அனுப்பினார். பின்னாலேயே, மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லியனுப்பினார். வேலை போவதைவிட என்னை உறுத்தியது, செய்தி கொண்டுவந்தவர் மூலம் வந்த இன்னொரு வார்த்தை: “அத்தை சொல்றது நெஜமா இருக்குமோன்னு எனக்கே தோணுது.”

சார் லென்ஸைத் துடைத்தார். “ஞாயித்துக்கிழமை திருநள்ளாறு போவோம் மூர்த்தி. சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் மிதிச்சிடும்.”

லாட்ஜ் வாசலில் நல்லெண்ணெய் வாசனை. குளத்தில் குளித்து வந்தவர்களின் ஈரக் கால் தடங்கள் உள்ளே வரை போயிருந்தன. மேசைக்குப் பின்னால் சாவிகள் தொங்கிய பலகை. அதன் முன்னால் வேதவல்லி அம்மாள். நல்ல உயரம், வெள்ளைப் புடவை.

“வாங்க, உக்காருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் போதுமா?” என்று ஒரு சாவியை எடுத்தவர், நாங்கள் யாரென்று சொன்னதும் அதை ஆணியிலேயே மாட்டினார். “காப்பி தர்றேன். அவளை அனுப்பச் சொல்லி மட்டும் கேக்காதீங்க.”

“காப்பியை மொதல்ல குடிச்சிடுறோம்மா. அப்புறம் கேக்குறோம்” என்றார் சார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “நான் படிக்காதவங்க ஐயா. ஆனா அவளே சொல்றா, துடிச்சுக்கிட்டே இருக்கும், நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்னு. மாசமா இருக்கயிலயும் பாத்திருக்கா. அப்புறம் டாக்டரு ஓட்டைன்னா நான் என்னத்த நெனைக்கிறது, நீங்களே சொல்லுங்க.”

காப்பி வந்தது. ஜெயந்தி குழந்தையோடு வந்து கதவருகே நின்றார். இளைத்திருந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்ததும் வேதவல்லி அம்மாளின் முகமே மாறிவிட்டது.

“இவன் கையைப் பாருங்க. இது எங்க வீட்டு விரல்” என்று குழந்தையின் கட்டைவிரலை விரித்துக் காட்டினார். பிறகு தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தார். கட்டைவிரல் மற்ற விரல்களைப் போலவே மெலிந்து நீண்டு, அவற்றோடு ஒரே வரிசையில் கிடந்தது. அதில் ஒரு கணு அதிகம். “எங்கப்பாவுக்கு இப்படித்தான். எம் மவனுக்கும் இப்படித்தான். சாவியைத் திருப்பத்தான் கொஞ்சம் சிரமம். மத்தபடி ராசியான விரல்.”

சார் டம்ளரைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?”

“தங்குனது ரெண்டு. இவன் அப்பனும், மாயவரத்துல குடுத்திருக்க பொண்ணும். தங்காதது ரெண்டு.”

“அதுங்களுக்கு என்ன ஆச்சு?”

“பால் குடிக்கயிலயே வேர்த்துக் கொட்டும். மூச்சு வாங்கும். போயிடுச்சுங்க.”

“எங்களுக்கு நேரமாச்சு” என்று சார் எழுந்துவிட்டார். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. பேருந்தில் அவர் பக்கம் திரும்பினால், ஜன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் நேராக அவர் வீட்டுக்குப் போனோம். அலமாரியிலிருந்து தடித்த மனித மரபியல் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டு கைகள். நான் சற்றுமுன் மேசைமேல் பார்த்த அதே கட்டைவிரல். 1960இல் இரண்டு ஆங்கில மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டைவிரலில் மாறுதல், சிலருக்கு இதயச் சுவரில் ஓட்டை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவருக்கு விரலோடு நின்றுவிடும். இன்னொருவருக்கு இதயத்திலும் தெரியும்.

“ஏன் சார் ரெண்டும் சேர்ந்து வருது?”

“தெரியாது. யாருக்கும் தெரியாது” என்றார். “ஆனா கருவுல ரெண்டும் எங்க இருக்குன்னு நினைச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மூன்றாம் நாள் கருவில், இதயத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் சிறு மொட்டுகள் கிளம்பும். கோழிக்கு அவை இறக்கை, நமக்குக் கை. ஜெயந்தி வரைந்த படங்கள் எங்கள் ஆய்வகச் சுவரிலேயே மாட்டியிருந்தன.

ராஜினாமாவைக் கொடுக்க ஜெயந்தி வந்தபோது, சார் அந்தப் புத்தகத்தை அவர் முன் வைத்தார். படித்தார். எழுந்துபோய்ச் சுவரில் தான் வரைந்திருந்த படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி படித்தார்.

“அப்ப நான் செய்யலை.”

“நீங்க செய்யலைம்மா. முட்டையும் செய்யலை” என்றார் சார். “ஆனா இது என் ஊகம். டாக்டர்தான் உறுதி பண்ணணும். அவர்கிட்ட விரலைப் பத்தி அவசியம் சொல்லுங்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். “இன்னைக்கே போய் உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க மேடம். அதோட பேச்சு முடிஞ்சிடும்” என்றேன்.

ஜெயந்தி என்னைப் பார்த்தார். “முடியாது சார். என்மேல இருக்கிறது அவங்கமேல போயிடும். அவங்களுக்கு ரெண்டு போயிருக்கு.”

 பிறகு வழியையும் அவரே சொன்னார்: “அவங்களை இங்க கூட்டிட்டு வர்றேன். பாவம் பாவம்னு சொல்றதை ஒரு தடவை கண்ணால பாக்கட்டும். பாத்துட்டும் வேண்டாம்னு சொன்னா நின்னுடுறேன். விரல் பேச்சை நானா எடுக்க மாட்டேன்.” சார் ராஜினாமாக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார்.

வேதவல்லி அம்மாள் அடுத்த வாரம் ஒரு பிற்பகல் வந்தார். 1981 ஆகஸ்ட்; நாள் புதன்கிழமை என்பது மட்டும் உறுதி. செருப்பை வாசலிலேயே விட்டார். ஜாடிகளில் இருந்த பாம்பையும் தேளையும் கண்டு, “இதையெல்லாமா கூட வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா?” என்று என்னைக் கேட்டார். சார் கடிகாரத்தைக் கழற்றினார். முட்டையை அவரே திறந்தார். ஜெயந்தி வளையத்தைத் தூக்கித் தட்டில் வைத்தார். அந்த அம்மாள் குனிந்து ஒரு கண்ணை மூடி லென்ஸில் பார்த்தார்.

“தெரியலையே... ஆங். துடிக்குது.”

“ஆமா அத்தை.”

“கடுகாட்டம் இருக்கு. என்னா வேகம்.” கொஞ்ச நேரம் கழித்து, “இதுக்கு வலிக்காது?” என்றார்.

“வலி தெரியிற அளவுக்கு இன்னும் வளரலைன்னு படிச்சிருக்கோம். சத்தியம் பண்ணச் சொன்னா தெரியாது அத்தை.”

“இதைப் பாத்துட்டு நீ எப்படிச் சோறு தின்ன?”

“மொத நாள் திங்கலை.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நிமிர்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, இன்குபேட்டர் பக்கம் போனார். ஜெயந்தி கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கைவிட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“இந்தச் சூட்டுல கரு வேகாதா?”

“கோழி வயித்துச் சூடுதான் அத்தை. இது இல்லைன்னாதான் வளராது.”

அவர் மறுபடி கையை உள்ளே வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்.

“நெல்லு அவிக்கிற சூடு?” என்று கேட்டார்.

ஜெயந்திக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

“தலைச்சன் போனப்ப எங்க மாமியா சொன்னா. மாசமா இருக்கவ அவிக்கிற அடுப்புகிட்ட நின்னே, அந்தச் சூட்டுல புள்ள நெஞ்சு வெந்துபோச்சுன்னு. ரெண்டாவது போனப்பயும் அதையேதான் சொன்னா. நான் நிக்காம யாரு அவிக்கிறது? அவளா வந்து அவிச்சா?” குரல் உயரவே இல்லை. “முப்பது வருசம் இருக்கும். இன்னும் அவிச்ச நெல்லு வாடை வந்தா எனக்கு அந்தப் பேச்சுதான்.”

“அது இல்லை அத்தை” என்றார் ஜெயந்தி. “எத்தனை அடுப்பு முன்னாடி நின்னாலும் உள்ள இருக்க புள்ள வேகாது.”

“நெசமா?”

“நெசமா.”

வேதவல்லி அம்மாள் இன்குபேட்டர் கதவைத் தானே மூடினார். மறுபடி லென்ஸுக்கு வந்தார். சூடு ஆறாமல் இருக்க ஜெயந்தி உப்புநீரைச் சொட்டவிட்டார்.

“இது என்ன, நெஞ்சுக்கு அண்டையில மொட்டாட்டம்?”

ஜெயந்தி சாரைப் பார்த்தார். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காலிக் கிண்ணத்தைக் கழுவப் போனேன். கேட்காத தூரத்துக்குப் போகவில்லை.

“அது றெக்கை அத்தை. நமக்குன்னா கை.”

“நெஞ்சுக்குப் பக்கத்துலயேவா மொளைக்குது?”

“பக்கத்துலயேதான். ரெண்டும் அடுத்தடுத்து உருவாகுது. சில குடும்பத்துல அது கொஞ்சம் மாறி வரும். கையிலயும் தெரியும், நெஞ்சுலயும் தெரியும். யாரும் செய்யிறதில்லை. அதுவா வர்றது.”

அந்த அம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மற்றக் கையால் அதைப் பிடித்து, அதிகமாக இருந்த அந்தக் கணுவை மடக்கி மடக்கி நீட்டினார்.

“எங்கப்பாகிட்டேருந்து வந்தது.”

“அவருக்கும் யார்கிட்டேருந்தோ வந்திருக்கும்” என்றார் ஜெயந்தி.

“தலைச்சனுக்கு இந்த விரலு இருந்துச்சு. எங்கப்பா தூக்கி வச்சுக்கிட்டு, நம்ம விரலோட வந்துட்டான்னு தெருவெல்லாம் காட்டுனாரு.”

“ரெண்டாவதுக்கு அத்தை?”

“பொம்பளப் புள்ள. கையை மூடியே வச்சிருந்துச்சு. விரிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணலை.”

அழவில்லை. தலைப்பால் லென்ஸின் விளிம்பை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சாரிடம் கேட்டார்: “இவ நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

“வழக்கம்போலதாம்மா.”

“விரல் விசயம் வெளில போவ வேணாம் ஐயா. மாயவரத்துல எம் மவ வாக்கப்பட்டிருக்கா.” என்னையும் பார்த்தார். “தம்பி, ஒங்களுக்கும்தான்.”

விஷயம் வெளியே போகவில்லை. ஆனால் மெட்ராஸில் மருத்துவரின் மேசைமேல் அந்த அம்மாள் இரண்டு கைகளையும் தாமே விரித்து வைத்தாராம். கூடப் போன கணேசன் என்னிடம் சொன்னது இது. மருத்துவர் அவர் நாடியையும் பார்த்தார், விரலையும் பார்த்தார், சாரின் ஊகம் சரியாக இருக்கலாம் என்றார். பிரபுவுக்கு 1984இல் அறுவைச் சிகிச்சை நடந்து நல்லபடியாக முடிந்தது. ஜெயந்தி வேலையை விடவில்லை. பின்னால் விரிவுரையாளராகி, துறையிலேயே ஓய்வு பெற்றார்.

அந்த ஆண்டுகளில்தான், ஓர் ஈயின் உடலை வகுக்கும் மரபணுக்களைப் பற்றியும் அவற்றைப் போன்றவை கோழியிலும் மனிதனிலும் இருப்பதைப் பற்றியும் கட்டுரைகள் வரத் தொடங்கின. சார் புதுச்சேரி போய்ப் படித்துவிட்டு வந்து சொல்வார். எங்கள் குரும்பகரத்தில் மதகைத் திறந்து விடும் ஆள் ஒருவர் இருந்தார். உழுவதோ நடுவதோ அவர் வேலை இல்லை. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பது மட்டும் அவர் பொறுப்பு. அப்படித் திறந்துவிடும் வேலையைச் செய்யும் மரபணுக்கள் உண்டு என்று நான் புரிந்துகொண்டேன். ஒரே ஆள் இரண்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டால், அவர் படுத்துக்கொள்ளும் நாளில் இரண்டு பக்கமும் பயிர் வாடும். இதைச் சாரிடம் சொன்னபோது எனக்கும் ஒரு “போன்” கிடைத்தது. அவர் 1986இல் ஓய்வு பெற்றார், 1991இல் காலமானார். இதயச் சுவரையும் கையையும் சேர்த்துக் கவனிக்கும் அந்த மரபணுவை 1997இல் அடையாளம் கண்டார்கள். நூலகத்தில் அந்தச் செய்தியைப் படித்தபோது, சொல்வதற்கு ஜெயந்தி மட்டும் இருந்தார்.

அதன் பிறகு நான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வரைபடம் போட்டேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்; விரல் இருந்தவர்களுக்கு மை நிரப்ப வேண்டும். வேதவல்லி அம்மாளின் தந்தை, அவர், தலைச்சன், கணேசன், பிரபு: ஐந்து இடங்களில் மை. மாயவரத்துப் பெண்ணுக்கு இல்லை. பிரபுவுக்குப் பிறகு பிறந்த ஜெயந்தியின் மகளுக்கும் இல்லை. யாருடைய ரத்தமும் இதுவரை மரபணுச் சோதனைக்குப் போகவில்லை. ஆகவே இது அந்த மரபணுதான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. விரலும் நெஞ்சும் ஒத்துப்போகின்றன, அவ்வளவே.

மீதி இருப்பது மூடிய கையோடு போன அந்தப் பெண் குழந்தை. பிரசவம் பார்த்த அம்மாள் யாரென்று விசாரித்தேன், இறந்துவிட்டார். படம் கிடையாது. வேதவல்லி அம்மாள் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது ஜெயந்தியிடம் சொன்னாராம்: “அதுக்கும் இருந்துச்சுடி. மூடியிருந்தாலும் எனக்குத் தெரியாதா?” ஆய்வகத்தில் சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பிந்தியது நினைவா, அவருக்குத் தேவைப்பட்ட ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. மை நிரப்பிவிடச் சொல்கிறார் ஜெயந்தி. வட்டத்தை இன்னும் வெறுமையாகத்தான் வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தையின் கட்டைவிரல் எப்படி இருந்தது என்பது சரிபார்க்கப்படவில்லை.